கலியன் கொண்ட காதல்

தரங்கம்பாடியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி வருவோர்க்குக் காரைக்கால் பகுதியின் தலைவாசலாக அமைந்த சிற்றூர் பூவம். உத்ஸவ காலங்களில் இவ்வழியே செல்லும் யாத்ரிகர்கள் இவ்வூரைக் கண்ணிமைக்கும் பொழுதில் கடந்துவிடுவர். ஆயினும் இங்கே சற்று நின்று நாற்புறமும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வடமேற்கே தலைச்சங்க நாண்மதியம், அதற்கும் வடக்கே திருவாலி திருநகரியும் திருநாங்கூர்த் திருப்பதிகளும், மேற்கே திருச்சிறுபுலியூர், தெற்கே திருக்கண்ணபுரமும் திருநாகையும் திருக்கண்ணங்குடியும். இத்தனை திவ்ய தேசங்களையும் மங்களாசாஸனம் செய்தருளியவர் ஒருவரே, அவர் திருமங்கையாழ்வார். காரைக்கால் 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமானதும், 1954 இல் மீண்டும் பாரதத்தோடு இணைந்ததும் நேற்றைய செய்திகள். ஆழ்வார் குதிரையேறி உலவிய நாளில் எல்லைக் கல் ஏதும் இல்லை. எல்லாம் சோழநாட்டுக் கடற்கரையும் அதன் கழனிகளுமே. ஆகவே இக்கரைக்கு வருவோர் ஆழ்வாரின் சரித்திரத்தை நினையாமல் செல்லலாகாது.

அன்பு என்பது யாது என்னும் வினாவுக்கு நூல்கள் பலபடியாக விடை கூறும். இடையறாத நினைவு அன்போடு கூடியிருப்பின் அதுவே பக்தி எனப்படும் என்று ஸ்வாமி எம்பெருமானார் இலக்கணம் வகுத்தருளினார். அங்ஙனமாயின், ஓர் இளைஞன் ஒரு கன்னிகையை இடையறாது நினைப்பதும் அன்பாகுமா? அதுவும் இதுவும் ஒரே பொருளா, அன்றி வெவ்வேறா? ஒன்றை அறவே விட்டால்தான் மற்றொன்று கிட்டும் என்பது துறவறத்தார் பலருடைய கொள்கை. திருமங்கையாழ்வாருடைய வாழ்வோ வேறொன்றைக் காட்டுகிறது.

திருக்குறையலூரில், கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நக்ஷத்திரத்தில், எம்பெருமானுடைய சார்ங்கம் என்னும் வில்லின் அம்சமாக அவதரித்தவர் இவர். இயற்பெயர் நீலன். படைக்கலப் பயிற்சியில் சிறந்து, சோழ மன்னனிடம் சேனைத் தலைவராக அமர்ந்தார். பகைவர்க்குக் காலன் போன்றவர் ஆதலால் பரகாலன் எனப் பெயர் பெற்றார். மன்னன் மகிழ்ந்து ஆலிநாட்டை இவருக்கு அளிக்க, திருமங்கை என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு குறுநில மன்னராய் விளங்கினார். காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்துப் பதிகத்தில் பல்லவ மன்னனுடைய வெற்றிகளை இவர் பேசுதலின், 8ஆம் நூற்றாண்டினர் என்பது சரித்திர ஆராய்ச்சியாளர் துணிபு. ஆடல்மா என்னும் குதிரையும், நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன் என்னும் நால்வர் துணையும் இவருக்கு வாய்த்திருந்தன. நீரின்மேல் நடக்க ஒருவன், பிறர் நிழலில் மறைய ஒருவன், ஊதிய அளவில் பூட்டைத் திறக்க ஒருவன், எந்த வழக்கிலும் தோலாதிருக்க ஒருவன். இந்நால்வரின் திறமும் ராஜ்ய பரிபாலனத்துக்கு எவ்வளவு பயன்பட்டதோ அறியோம். பின்னர் வேறொரு தொழிலுக்கு நன்கு பயன்பட்டது.

திருநாங்கூரைச் சேர்ந்த திருவெள்ளக்குளத்தில் குமுத மலர்ப் பொய்கை ஒன்று உண்டு. அண்ணன் கோயில் என இந்நாளில் வழங்கும் தலம் அதுவே. அப்பொய்கையில் மலர் கொய்ய வந்த தேவமாது ஒருத்தி, உடன் வந்தவர்கள் விட்டு நீங்கக் குழந்தை வடிவாய் அங்கே தங்கிவிட, மகப்பேறு இல்லாத ஒரு ஸ்ரீவைஷ்ணவ வைத்தியர் எடுத்துக் குமுதவல்லி எனப் பெயரிட்டு வளர்த்தார் என்பது ஐதிஹ்யம். அவளுடைய அழகைப் பிறர் சொல்லக் கேட்ட பரகாலர், நேரில் கண்டதும் தம்மை இழந்தார். பொன்னும் ஆடையும் முன்னே வைத்து மணம் பேசினார். ஆலிநாட்டு மன்னர் கேட்டால் மறுப்பார் எவர்? தந்தை அஞ்சினார். ஆனால் பெண் அஞ்சவில்லை.

குமுதவல்லி இரண்டு நியமங்களை விதித்தாள். திருவிலச்சினையும் ஊர்த்வ புண்ட்ரமும் உடைய ஸ்ரீவைஷ்ணவருக்கு அல்லாது தான் வாழ்க்கைப்படாள் என்பது ஒன்று. மணமான பின்னர் ஒரு வருஷ காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்வித்து, அவர்கள் ஸ்ரீபாத தீர்த்தமும் சேஷமும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. அரசனை அடைய ஆசைப்படும் பெண் கேட்கும் பொருளா இவை? ஆபரணம் கேட்கவில்லை, மாளிகை கேட்கவில்லை. மற்றொரு மனையாட்டியை நாடேன் என்ற உறுதிமொழியைக்கூடக் கேட்கவில்லை.

முதல் நியமத்தை நிறைவேற்றப் பரகாலர் குதிரையேறித் திருநறையூருக்கு விரைந்தார். ஆசார்யன் ஒருவரைத் தேடி அடைந்து, காத்திருந்து, சிக்ஷை பெறும் பொறுமை அவருக்கு அப்போது இல்லை. நறையூர் நம்பியின் ஸந்நிதியில் நின்று தமக்கு வேண்டியதைக் கேட்டார். நம்பியே சங்க சக்கரப் பொறிகளை இட்டு, பன்னிரு திருமண் காப்பும் சாற்றி ஆட்கொண்டருளினான். அவர் வந்தது பெண்ணாசையால். வேதாந்த ஞானத்தால் அன்று. நம்பி அதை அறியாதவனா? அறிந்தும் மறுத்திலன். அதற்கு ஒரு காரணம் அத்தலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. மேதாவி மஹரிஷி வளர்த்த வஞ்சுளவல்லியைத் தேடி எம்பெருமான் ஐந்து திருமேனிகளோடு அதிதியாய் அவர் ஆச்ரமத்துக்கு வந்தான். விருந்துண்டான், பெண்ணையும் விரும்பினான். எதிலும் தம் மகளுக்கே முதன்மை தரவேண்டும் என்று ரிஷி நியமம் விதிக்க, ஸர்வேச்வரன் மறுபேச்சின்றி இசைந்தான். இன்றும் நாச்சியார்கோயில் என்றே ஊர் வழங்கக் காண்கிறோம். புறப்பாட்டில் பிராட்டியே முன்னே எழுந்தருள்கிறாள். காதலுக்காக நியமத்துக்குக் கட்டுப்பட்டவன், அவ்வாறே கட்டுப்பட்டு வந்த மற்றொருவரைக் கண்டு இரங்கினான் என்று கொள்வதில் பிழை இல்லை.

திருமணம் நடந்தது. ததீயாராதனமும் தொடங்கிற்று. நாள் ஒன்றுக்கு 1008 இலை என்றால் அது என்ன என்பதைத் திருமடைப்பள்ளி அறிந்தவர் அறிவர். விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். நெல் குத்துவோர், விறகு பிளப்போர், தண்ணீர் சுமப்போர், காய் நறுக்குவோர், இலை தைப்போர் என ஒரு சிறு ஊரே உழைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குக் கணக்கிட்டால் 3,60,000 இலைகளுக்கும் மேல். கோடையிலும் குறைவு கூடாது; ஐப்பசி மழையில் விறகு நனைந்தாலும் அடுப்பு அணையக் கூடாது. வந்தவர் கால் கழுவி, இலையிட்டு, உண்டவர் முகம் பார்த்து அனுப்ப வேண்டும்.

குமுதவல்லியின் திருவுள்ளக் கருத்து இங்கேதான் விளங்குகிறது. காமுற்றவனுடைய கண்ணுக்கு உலகில் ஒரு முகம் மட்டுமே தெரியும். அந்த ஒரு முகத்தை அடைய வேண்டுமானால் நாள்தோறும் ஆயிரத்தெட்டு முகங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஏற்படுத்தினாள். இளைத்த முகம், முதிய முகம், நடந்து களைத்த முகம், உண்டபின் மலரும் முகம். முதல் சில நாள் பரகாலர் மனைவியின் பொருட்டே இவர்களுக்குச் சோறு இட்டிருப்பார். சில மாதம் கழித்து எவர் பொருட்டு இட்டார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே விடை தெரிந்திராது. அன்பு ஒருவரிடத்தில் பிறந்து பலரிடத்தில் பரவுவதற்கு ஒரு வழி வேண்டும். குமுதவல்லி அவ்வழியைச் சோற்றுப் பானையின் வாயிலாகத் திறந்தாள். உபதேச மொழியால் அவரைத் திருத்த முயன்றிருந்தால் ஆடல்மாவின் குளம்பொலியில் அது கேளாதே போயிருக்கும்.

பொருள் கரைந்தது. சோழ மன்னனுக்குச் செலுத்த வேண்டிய திறையும் அடியார் இலைக்கே சென்றது. திறை தண்ட வந்த அதிகாரிகளைப் பரகாலர் நாளை நாளை என்று தவணை சொல்லி அனுப்பினார். சேனை வந்தபோது போரிட்டு விரட்டினார். இறுதியில் மன்னனிடம் அகப்பட்டு, உணவின்றிச் சிறையிருந்தார். மூன்றாம் நாள் கனவில் காஞ்சிப் பேரருளாளன் தோன்றி, வேகவதி ஆற்றங்கரையில் நிதி இருப்பதை உணர்த்தினான். அதிகாரிகளோடு காஞ்சிக்குச் சென்று, காட்டிய இடத்தில் பொருளை எடுத்துத் திறையைத் தீர்த்தார். எஞ்சியது மீண்டும் அடுப்படிக்கே வந்தது. மன்னனும் இவர் நிலையுணர்ந்து விடுத்தான்.

அதுவும் செலவழிந்தது. அடியார் வருவது மட்டும் நிற்கவில்லை. அப்போது பரகாலர் வழிப்பறியில் இறங்கினார்.

இவ்விடத்தைச் சொல்லும்போது பலர் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அடியார்க்கு இடுவதற்கு என்று கொண்டால் களவும் அறமே என்று கூறி அமைவோர் ஒருசாரார். இக்கதை வெறும் புகழ்ச்சி உரை என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரண்டும் மனத்துக்கு இசைவன அல்ல. இருட்டில் வழிமறிக்கப்பட்ட வணிகனுக்கும் மனைவி மக்கள் உண்டு. அவன் இழந்த பொருள் நல்வழியில் செலவாயிற்று என்பதால் அவனுடைய அச்சம் குறைந்துவிடாது. களவு களவே. ஆழ்வாருடைய சரித்திரத்தைத் தொகுத்த பூர்வாசார்யர்களும் இதனை மறைத்திலர் என்பது கவனிக்கத் தக்கது. அன்பு மிகுந்தால் அது தானாகவே நெறியில் நிற்கும் என்று எண்ணுவது பிழை. கரை இல்லாத காவிரி வயலை வளர்ப்பதற்குப் பதிலாக அழிப்பதைத் தஞ்சைத் தரணியில் அறியாதவர் இல்லை. பரகாலருடைய அன்பு அந்நாளில் கரை உடைத்த வெள்ளமாக இருந்தது. பெருக்கு மெய், அது சென்ற வழிதான் பிழை.

எம்பெருமான் என்ன செய்தான் என்பதே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. வெள்ளத்தை வற்றச் செய்யவில்லை. கை கால்களை முடக்கவில்லை. சோழனுடைய சேனையை மறுபடி ஏவவும் இல்லை. திருவாலியில் எழுந்தருளியிருக்கும் வயலாலி மணவாளன், புதுமணம் புரிந்த அந்தணனாகக் கோலம் பூண்டு, பிராட்டியையும் மணப்பெண்ணாக உடன் அழைத்துக்கொண்டு, உள்ள ஆபரணங்கள் அனைத்தையும் அணிந்து, பரிவாரத்தோடு பரகாலர் பதுங்கியிருந்த வழியே நள்ளிரவில் வந்தான். பிறர் பொருளை இனிக் கவர வேண்டா, கவர்வதாயின் தன்னுடையதையே கவர்ந்து கொள்ளட்டும் என்பது திருவுள்ளம் போலும். அதிலும் மணக்கோலத்தில் வந்தானே, அதுதான் நினைக்க நினைக்க இனிக்கிறது. இந்த மனிதருடைய இடர் அனைத்தும் ஒரு மணத்திலிருந்து தொடங்கியவை. அவரைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு மணத்தையே வலையாக வீச வேண்டும் என்று மாயன் அறிந்திருந்தான்.

வாளை உருவிக்கொண்டு ஆட்களோடு பாய்ந்த பரகாலர் எல்லா நகைகளையும் பறித்தார். மணமகனுடைய திருவடி விரலில் ஓர் அணி மட்டும் கழலவில்லை. அதையும் விட மனமின்றிக் குனிந்து பல்லால் கடித்து வாங்கினார். வலியவன் என்னும் பொருளில் கலியன் என்ற பெயரை எம்பெருமான் அப்போது வழங்கினான். ஆயிரம் முறை தண்டனிட்டாலும் மற்றவர்க்குக் கிட்டாத திருவடி ஸ்பர்சம், கொள்ளையடிக்கக் குனிந்தவருடைய வாய்க்குக் கிட்டிற்று. சரணாகதிக்குரிய உடல் நிலை முற்றும் அமைந்துவிட்டது. உள்ளம்தான் இன்னும் பொருளின்மேல் இருந்தது.

பறித்ததை மூட்டையாகக் கட்டினார், தூக்க முடியவில்லை. ஆட்கள் எல்லோரும் கூடியும் மூட்டை அசையவில்லை. மணமகன் ஏதோ மந்திரம் செய்துவிட்டான் என்று சினந்து, அம்மந்திரத்தைச் சொல்லாவிடில் வெட்டுவதாக மிரட்டினார். மந்திரம் உண்டு, சொல்வதற்கும் தடை இல்லை, செவி கொடுத்தால் போதும் என்று மணமகன் இசைந்து, அவருடைய வலச்செவியில் திருவெட்டெழுத்தை ஓதினான். உபதேசம் பெறச் சிஷ்யன் ஆசார்யன் முன் கைகட்டி நிற்பது முறை. கலியனோ வாளை ஓங்கி நின்று பெற்றார். செவியில் விழுந்த அளவில் வாள் தாழ்ந்தது. கருடன்மீது பிராட்டியோடு எம்பெருமான் தன் உருவைக் காட்டினான்.

அக்கணம் பிறந்தது பெரிய திருமொழி. அதன் முதல் பதிகத்தில் ஆழ்வார் தம் பழைய வாழ்வை நினைந்து வருந்துகிறார். மகளிரைச் சுற்றி நாளைப் போக்கியதையும், பிறகு நாராயண நாமத்தைக் கண்டுகொண்டதையும் பேசுகிறார். இதைக் கேட்பவர், இவர் இனிக் காதல் என்னும் சொல்லையே நாவால் தீண்டார் என்று எண்ணலாம். நடந்ததோ வேறு. திருப்பிரிதி, பதரி, ஸாளக்ராமம், நைமிசாரண்யம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம் என வடநாட்டிலிருந்து தொடங்கித் தலந்தோறும் சென்று பாடிய இவ்வீரர், பல பதிகங்களில் தம்மை ஒரு பெண்ணாகவே ஆக்கிக்கொண்டார். பரகால நாயகி என்று அந்நிலையைப் பெரியோர் சொல்லுவர். குமுதவல்லிக்காக ஒருகாலத்தில் தாம் பட்ட தாபம் அனைத்தையும் அவர் எறிந்துவிடவில்லை. அதன் முகத்தைத் திருப்பிவிட்டார். அன்று தாம் நாயகர். இன்று தாம் நாயகி. அன்று ஆயுதமும் பொன்னும் கொண்டு மணம் பேசியவர், இன்று வளை கழல, நிறம் வெளுக்க, வாசலில் காத்து நிற்கிறார். வேண்டியதைப் பறித்தே பழகிய கைகளுக்குக் காத்திருப்பது எவ்வளவு அரிது என்பதை அவர் பாசுரங்களை ஓதுவோர் உணர்வர்.

திருக்கண்ணபுரத்து ஸௌரிராஜனிடம் இந்நிலை உச்சத்தை அடைகிறது. பெரிய திருமொழியின் எட்டாம் பத்து முழுவதும் இத்தலம் ஒன்றுக்கே அமைந்தது. தாய் தன் மகளின் நிலை கண்டு கலங்கிப் பேசுவது ஒரு பதிகம். வளைகளை இழந்தேன் என்று மகள் புலம்புவது ஒன்று. கண்ணபுரத்தான் துழாயின் மணத்தைக் கொணர்ந்து ஊதுமாறு தும்பியை வேண்டுவது ஒன்று. மாலையும் இரவும் தன்னை வருத்துவதைச் சொல்லுவது ஒன்று. திருநெடுந்தாண்டகத்தின் முப்பது பாசுரங்களிலும் இதே முறை: முதல் பத்து ஆழ்வாருடைய சொந்தக் குரல், நடுப்பத்து தாயின் குரல், கடைப்பத்து மகளின் குரல். வாளேந்திய தளபதி ஒருவர் பெண்ணைப் பெற்ற தாயின் கவலையை இத்தனை நுட்பமாக அறிந்தது எவ்வாறு? திருவெள்ளக்குளத்து வைத்தியரின் இல்லத்தில் தாம் மணம் பேசச் சென்ற நாளில், பெற்றோர் முகத்தில் தெரிந்த அச்சத்தை அப்போது பொருட்படுத்தாமற் போனாலும், பின்னர் நினைந்திருப்பார் போலும்.

அதே ஸௌரிராஜன் மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறான். பரதவர் குலத் தலைவரின் மகளாய் வளர்ந்த பத்மினி நாச்சியாரை மணந்தவன் ஆதலின், பட்டினச்சேரி மீனவ மக்கள் அவனைத் தங்கள் மாப்பிள்ளை என்றே கொண்டாடி வரவேற்கின்றனர். ஸர்வலோக சரண்யன் என்று சாஸ்திரம் சொல்லுவதைக் காட்டிலும் மாப்பிள்ளை என்று அவர்கள் அழைப்பதில் உரிமை மிகுதி. பரகால நாயகி பேசுவதும் இதே உரிமையைத்தான்.

அவ்வுரிமை எல்லை கடந்தது திருநறையூரில். தமக்குத் திருவிலச்சினை இட்ட நம்பிக்கு ஆழ்வார் நூற்றுக்கும் மேற்பட்ட பாசுரங்களைச் சாற்றியதோடு, சிறிய திருமடல், பெரிய திருமடல் என்னும் இரண்டையும் பாடினார். மடலூர்தல் என்பது பழந்தமிழ் அகத்துறையில் ஒரு வழக்கம். விரும்பிய பெண்ணை அடையப்பெறாத ஆடவன், பனைமடலால் குதிரை செய்து, எருக்கமாலை சூடி, அவள் உருவை எழுதிய கிழியை ஏந்தி, நாணத்தைத் துறந்து வீதியில் வருவான். ஊரார் இரங்கி அப்பெண்ணை அவனுக்கு மணம் செய்விப்பர். பெண்கள் மடலேறுவது இல்லை என்பது தமிழ் மரபு. இலக்கண நூலாரும் அறநூலாரும் அதனை வகுத்துரைத்தனர். ஆழ்வாரோ பெண் நிலையில் நின்றே மடலூர்வேன் என்று துணிகிறார். தடுப்பவர்க்கு வடநூல் நெறியைக் காட்டி விடையளிக்கிறார். காட்டுக்குக் கணவனைத் தொடர்ந்து சென்ற ஸீதையையும், அர்ஜுனனை விரும்பிய உலூபியையும், கனவில் கண்டவனைத் தேடிய உஷையையும் எடுத்துக்காட்டி வழக்காடுகிறார். புருஷார்த்தங்களில் அறம், பொருள், வீடு ஆகியவற்றைத் தாழ்த்தி, காமமாகிய இந்த ஒன்றே தமக்கு வேண்டுவது என்று நாட்டுகிறார். நம்பி இரங்காவிடில் அவன் செய்த குறும்புகள் அனைத்தையும் வீதியில் பறைசாற்றுவதாகவும் மிரட்டுகிறார். தோலாவழக்கனோடு பல ஆண்டு பழகியவர் அல்லவா!

மடல்களை ஓதும்போது கூச்சம் கொள்வோர் உண்டு. வீட்டையே வேண்டா என்று ஒதுக்கிக் காமத்தைப் பற்றுவது தகுமோ என்று ஐயுறுவர். இங்கே வேண்டப்படும் பொருள் எம்பெருமானே ஆதலின், வேண்டுதல் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவும் தகும் என்பது வ்யாக்யானம் அருளிச்செய்தவர்கள் கருத்து. வீடு என்று ஒன்றைத் தனியே விரும்புவோன், துன்பம் நீங்குவதை விரும்புகிறான். காதலித்தவன் துன்பம் நீங்குவதை விரும்புவதில்லை. தான் விரும்பியவரையே விரும்புகிறான். பிரிந்திருக்கும் துன்பமும் அவருடையதே என்று அதையும் விடமாட்டான். ஆலிநாடு முழுவதும் அடுப்பில் கரைந்தபோதும் வருந்தாத ஒருவருக்கு இவ்வேறுபாட்டை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

திருவரங்கத்தில் மதில் திருப்பணி செய்ததும், அதற்குப் பொருள் வேண்டித் திருநாகைப் பௌத்த விஹாரத்துப் பொற்படிமத்தைக் கவர்ந்ததும் கதைகளில் கூறப்படுவன. மந்திரோபதேசம் பெற்ற பின்னரும் பழைய தொழில் முற்றிலும் அகலவில்லை என்றே கொள்ளவேண்டும். பிற சமயத்தார் வணங்கும் மூர்த்தியைக் கவர்ந்த செய்தி இந்நாளில் கேட்போர் மனத்தை உறுத்தும், உறுத்துவதே நன்று. அப்பொன்னைக் கொணரும் வழியில் திருக்கண்ணங்குடிச் சேற்று நிலத்தில் புதைத்துவிட்டு, அருகிருந்த புளியமரத்தைக் காவல் இருக்கச் சொல்லி உறங்கினாராம். விடியலில் ஏர் பூட்ட உழவன் வந்தபோது மரம் தன் இலைகளை உதிர்த்து அவரை எழுப்பிற்றாம். உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ், தோலா வழக்கு என்று அத்தலத்தைப் பற்றி இன்றும் ஊரார் சொல்லுவது இந்நிகழ்ச்சிகளை ஒட்டியதே.

மதில் திருப்பணியில் நிகழ்ந்த மற்றொன்று இதனினும் போற்றத் தக்கது. மதில் நேராகச் செல்லவேண்டிய வழியில் தொண்டரடிப்பொடியாழ்வாருடைய நந்தவனம் குறுக்கிட்டது. அவர் திருத்துழாயும் மலரும் தொடுத்தபடி தம்மை மறந்து அமர்ந்திருந்தார். சேனை நடத்திய கலியன் ஒரு சொல் சொல்லியிருந்தால் தோட்டம் வெட்ட வெளியாகியிருக்கும். அவர் மதிலை ஒதுக்கிக் கட்டினார். பிற்பாடு இதை அறிந்த தொண்டரடிப்பொடியார் உள்ளம் நெகிழ்ந்து, தாம் பூக்கொய்யும் கருவிக்கு அருள்மாரி என்று கலியனுடைய பெயரையே இட்டு வழங்கினாராம். நள்ளிரவில் மணப்பெண்ணின் நகையைப் பறித்தவர், ஒரு பூச்செடிக்காக மதிலை வளைத்தார். நம்மாழ்வாருடைய திருவாய்மொழியைத் திருவரங்கத்தில் ஓதும் உத்ஸவத்தை ஏற்படுத்தியவரும் இவரே என்பர். தம்முடைய பெரிய திருமொழி மட்டும் 1084 பாசுரங்கள் கொண்டதாய் இருக்க, மற்றொருவர் பாசுரத்தைப் பெருமாள் செவியில் விழச்செய்ய ஓடியாடியவர் அவர். ஆழ்வாருடைய ஆறு பிரபந்தங்களை நம்மாழ்வாரின் நான்கு வேதங்களுக்கு ஆறு அங்கங்கள் எனப் பெரியோர் வைத்தது இப்பணிவுக்கு ஏற்ற பேறு.

இறுதியில் தென்பாண்டி நாட்டுத் திருக்குறுங்குடியில் நம்பியின் திருவடி நிழலில் தங்கி, 105 திருநக்ஷத்திரங்கள் வாழ்ந்து ஆழ்வார் பரமபதம் எய்தினார் என்பது குருபரம்பரை. அவருடைய திருவரசு அங்கே உள்ளது.

திருநகரியில் ஆழ்வாரை ஸேவிக்கும் யாத்ரிகர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வேலும் வாளும் தாங்கிய திருமேனி. திருவடியருகே அவர் ஆராதித்த சிந்தனைக்கினியான் என்னும் பெருமாள். பக்கத்தில் குமுதவல்லி நாச்சியார். எம்பெருமானை அடைந்தபின் மனைவி விலக்கப்படவில்லை. வழிகாட்டியவளை வழி முடிந்ததும் விட்டுவிடுவது ஆழ்வாரின் இயல்பு அன்று.

பங்குனியில் திருவாலியில் வேடுபறி உத்ஸவம் நடக்கிறது. மணக்கோலத்துப் பெருமாளை நள்ளிரவில் தீவட்டி வெளிச்சத்தில் ஆழ்வார் மறிக்கிறார். பறித்தல், மூட்டை, மந்திரம் அனைத்தும் நடைபெறுகின்றன. எல்லோருக்கும் கதை தெரியும். ஆயினும் திருமந்திரம் செவியில் விழும் நேரத்தில் கூட்டம் மூச்சடங்கி நிற்கும். தை அமாவாஸ்யையை ஒட்டி ஆழ்வார் குமுதவல்லி நாச்சியாரோடு புறப்பட்டுத் திருநாங்கூர்த் திருப்பதிகளை மங்களாசாஸனம் செய்யச் செல்கிறார். மறுநாள் பதினொரு பெருமாள்களும் கருடன்மேல் எழுந்தருளி அவருக்கு ஸேவை ஸாதிக்கின்றனர். வழி வயல்களின் ஊடே செல்கிறது. அந்தப் பருவத்தில் நெற்கதிர் முற்றி நிற்கும். ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணுவோர் கால் பட்டுப் பயிர் மடிந்தால் உழவர் முகம் சுளிப்பதில்லை. மிதிபட்ட வயலில் விளைச்சல் பெருகும் என்று சொல்லி, தங்கள் வயல் வழியே வருமாறு வேண்டி வரப்பில் காத்து நிற்கின்றனர்.